சுட்டாலும் குற்றம்! வாங்கினாலும் குற்றம்!
வீராணம் ஏரி வாத்துகளைப் பற்றிச் சில விவரங்கள்

பொழுது இன்னும் விடியவில்லை. வீராணம் ஏரிக்கரையில் பனி இறங்கியிருக்கிறது. காட்டுமன்னார்கோயில் போகும் ரஸ்தாவில் ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரிகிறது. திடீரென்று தலைக்கு மேலே யாரோ சீழ்க்கை அடிக்கும் சத்தம். ஒருவர், இருவர் அடிக்கிற சத்தமாக இல்லை. நூறு பேர் சேர்ந்து அடிப்பதுபோல் இருக்கிறது!

அண்ணாந்து பார்த்தால் அவை பறவைகள். இரவெல்லாம் வயலிலும் குட்டையிலும் மேய்ந்துவிட்டு ஏரிக்குத் திரும்பும் வாத்துக் கூட்டம். சிறகி என்று இதற்குப் பெயர். சீழ்க்கை அடித்துக்கொண்டே பறப்பதால் சீழ்க்கைச் சிறகி என்றும் சொல்வார்கள்.

இந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிலருக்கு நின்று பார்க்கத் தோன்றும். சிலருக்குக் கறிக் குழம்பு ஞாபகம் வரும். "ஒரு துப்பாக்கி இருந்தால் நாமும் சுட்டுப் பழகலாமே" என்று நினைக்கும் இளைஞர்களும் உண்டு. "நாம் சுட வேண்டாம். யாராவது பிடித்துக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம்.

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பம் சிதம்பரம் போவதற்காக ஏரிக்கரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நிற்கிறார். ஹாண்டில்பாரில் ஒரு கோணிப்பை தொங்குகிறது.

"அண்ணே, ஏரி வாத்து இருக்கு, வேணுமா?"

"என்ன விலை தம்பி?"

"ஜோடியா எடுத்துக்குங்கண்ணே. உங்களுக்குன்னா கொறைச்சுத் தரேன்."

கோணிப்பை அசைகிறது. பக்கத்தில் நிற்கும் சிறு பெண் அதைப் பார்த்துவிடுகிறாள். "அப்பா, உள்ளே அது உசுரோட இருக்குப்பா!" என்கிறாள்.

அப்பா என்ன செய்ய வேண்டும்? கட்டுரையின் முடிவில் அவரை மறுபடி பார்ப்போம். அதற்கு முன் சில விவரங்கள்.

மரத்தில் குடியிருக்கும் வாத்து

வாத்து என்றால் தண்ணீரில் மிதக்கும், கரையில் முட்டையிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறகி அப்படிப்பட்டதில்லை. அது மரத்தில் உட்காரும். மரப்பொந்தில் முட்டையிடும். காக்கையும் கொக்கும் விட்டுப்போன பழைய கூடு கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளும். மரம் கிடைக்காவிட்டால் ஏரி ஓரத்துக் கோரைப் புதரில் கூடு வைக்கும்.

உருவம் சிறியது. எடை சுமார் அரைக் கிலோதான். உடல் செம்பழுப்பு நிறம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். மழைக் காலத்தை ஒட்டி 7 முதல் 12 முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் முறை போட்டு அடைகாக்கும். சுமார் 22, 23 நாளில் குஞ்சு வெளியே வரும்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அரைக் கிலோப் பறவையில் இறகும் குடலும் எலும்பும் போனால் மிஞ்சுவது ஒரு பிடிக் கறி. ஒரு குடும்பத்துக்கு மூன்று பறவையாவது வேண்டும். அடைகாக்கும் சமயத்தில் ஜோடியில் ஒன்று போனால், அந்த வருஷத்துக் குஞ்சுகளும் தப்புவது கஷ்டம். ஒரு பிடிக் கறிக்கு ஒரு குடும்பமே போகிறது.

சிறகி உள்ளூர்ப் பறவை. வருஷம் முழுவதும் நம்மோடு இருக்கும். இதைத் தவிர விருந்தாளிகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வந்து பங்குனி வாக்கில் திரும்பிப் போகும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், வெண்புருவ வாத்து முதலியவை வட ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகின்றன. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, நம் ஊர் ஏரியில் இறங்கி இளைப்பாறுகின்றன.

ஏரி இருந்தால் பறவை

வீராணம் ஏரி சோழர் காலத்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அந்த மன்னனின் பட்டப் பெயர். வீரநாராயணன் ஏரி என்பதுதான் வீராணம் ஆயிற்று. கல்கியின் "பொன்னியின் செல்வன்" கதை தொடங்குவது இந்தக் கரையில்தான்.

மேட்டூரிலிருந்து வரும் காவேரித் தண்ணீர் கொள்ளிடத்தில் கீழணையை அடைந்து, அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்குள் விழுகிறது. கடலூர் ஜில்லாவில் நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இந்த ஏரியை நம்பியிருக்கிறது. 2004-ம் வருஷம் முதல் சென்னை நகரத்துக்கும் இங்கிருந்து குழாயில் குடிதண்ணீர் போகிறது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வீராணம் மட்டும் இல்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி இருக்கிறது. சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் பிச்சாவரம் இருக்கிறது. அங்குள்ள சுரபுன்னைக் காட்டை 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக "ராம்சார்" பட்டியலில் சேர்த்தார்கள். ஏரி, வயல், வாய்க்கால், கடலோரச் சதுப்பு எல்லாம் அருகருகே இருப்பதால் பறவைகளுக்கு இந்த வட்டாரம் ஒரு பெரிய சத்திரம். சத்திரத்தில் சாப்பாடும் உண்டு, படுக்கையும் உண்டு. வலையும் காத்திருக்கிறது என்பதுதான் சங்கடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாத்து வேட்டை பழக விரும்பும் ஒருவர் முதலில் எங்கே போய் உரிமச் சீட்டு வாங்க வேண்டும்? பதில் சுலபமானது. எங்கேயும் வாங்க முடியாது. அப்படி ஒரு சீட்டு இப்போது இந்தியாவில் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சிறு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் முறையும் அதில் இருந்தது. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அளவு சுடலாம் என்று விதி வைத்திருந்தார்கள். 1991-ல் சட்டத்தைத் திருத்தி அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். அன்று முதல் பொழுதுபோக்குக்கோ, கறிக்கோ காட்டுப் பறவையை வேட்டையாட யாருக்கும் அனுமதி இல்லை.

"துப்பாக்கி எடுத்தால்தானே வேட்டை? நான் வலைதானே வைத்தேன்" என்று சிலர் கேட்கலாம். சட்டம் இதற்கும் இடம் வைக்கவில்லை. சுடுவது வேட்டை. வலை விரிப்பது வேட்டை. கண்ணி வைப்பது வேட்டை. விஷம் வைப்பது வேட்டை. இரை போட்டு வரவழைப்பதும் வேட்டைதான். பறவை அகப்படாமல் தப்பிப் போனாலும், பிடிக்க முயற்சி செய்ததே குற்றம். கூட்டைக் கலைப்பதும், முட்டையை எடுப்பதும்கூட வேட்டைக் கணக்கில் சேரும்.

தண்டனை என்ன? சாதாரணமாக மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 25 ஆயிரம் ரூபாய் வரைதான் இருந்தது. 2022-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம் அதை நான்கு மடங்காக்கியது. வேட்டைக்குப் பயன்பட்ட துப்பாக்கி, வலை, வண்டி, படகு ஆகியவற்றையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். சட்டத்துக்கு விரோதமாகப் பிடிக்கப்பட்ட பறவை சர்க்காரின் சொத்து ஆகிவிடுகிறது. அதை விலைக்கு வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். "பிடித்தவன் அவன், நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. கோணிப்பையைத் தூக்கி வந்தவருக்கும், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

ஒரே நாளில் 4,273 பறவைகள்!

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். பழைய கதை ஒன்றைக் கேட்டால் புரியும்.

ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. அங்குள்ள ஏரியில் மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் வாத்து வேட்டை ஆடுவார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு தம் பரிவாரத்தோடு அங்கே வந்தார். ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. இந்தக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். அதே பரத்பூர் ஏரி இன்று தேசியப் பூங்கா. பறவையைச் சுட வந்த இடத்துக்கு, இன்று பறவையைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இன்னொரு கதை சோகமானது. வட இந்தியாவில் ரோஜா நிறத் தலையுள்ள ஒரு வாத்து இருந்தது. கங்கைக் கரைச் சதுப்புகளில் வாழ்ந்தது. ஏற்கெனவே அரிதாக இருந்த அந்தப் பறவைக்குச் சதுப்பு நிலம் குறைந்ததும் வேட்டையும் இரண்டு பக்கமும் அடியாக விழுந்தன. 1935-க்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாதபடி அதை இந்தியக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. இன்று அது படத்திலும், பொருட்காட்சிச் சாலைப் பெட்டியிலும்தான் இருக்கிறது.

ஏரியில் ஆயிரம் மிதக்கிறதே, ஒன்றிரண்டு போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒவ்வொருவரும் ஒன்றிரண்டுதான் எடுக்கிறார்கள். ஊரே எடுத்தால் ஆயிரம் எத்தனை நாளைக்கு வரும்?

அமெரிக்காவில் மட்டும் சுடுகிறார்களே?

படித்த இளைஞர்கள் இதைக் கேட்பது உண்டு. அமெரிக்காவில் மரவாத்து என்று ஒன்று இருக்கிறது. பல வர்ணங்களோடு மிக அழகாக இருக்கும். நம் சிறகியைப் போலவே மரப்பொந்தில் முட்டையிடும். அங்கே அதைச் சுட லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் அந்தக் கதையை முழுவதும் கேட்க வேண்டும். சுமார் நூற்றிருபது வருஷங்களுக்கு முன், கண்டபடி சுட்டதாலும் பெரிய மரங்களை வெட்டியதாலும் அந்த வாத்து அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. 1918-ல் சட்டம் போட்டு அதைச் சுடவே கூடாது என்று தடுத்தார்கள். 1941-ல்தான் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக அனுமதித்தார்கள். இதற்கிடையில் பொந்து மரங்கள் இல்லாத குறையைப் போக்க மரப்பெட்டி செய்து ஏரி ஓரங்களில் நட்டு வைத்தார்கள். வாத்துகள் அந்தப் பெட்டியில் குடியேறின.

இன்றைக்கும் அங்கே நினைத்தபோது சுட முடியாது. இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை, ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு விசேஷ முத்திரைத்தலை வாங்க வேண்டும். 1934-ல் ஒரு டாலராக இருந்த அதன் விலை இப்போது 25 டாலர். அந்தப் பணத்தைக் கொண்டு லட்சக்கணக்கான ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கிப் பறவைகளுக்கு விட்டிருக்கிறார்கள். ஈயக் குண்டு போட்டு நீர்ப்பறவைகளைச் சுடுவதை 1991-ல் நாடு முழுவதும் தடுத்துவிட்டார்கள்.

சுட அனுமதிக்கும் தேசத்திலேயே இத்தனை கட்டுப்பாடு இருக்கிறது. பறவையை வருஷா வருஷம் எண்ண வேண்டும். எண்ணிய பிறகு அளவு நிர்ணயிக்க வேண்டும். நிர்ணயித்ததை ஒவ்வொரு ஏரிக்கரையிலும் காவல் காக்க வேண்டும். ஜனநெருக்கம் மிகுந்த நம் நாட்டில், ஊருக்கு ஊர் ஏரி இருக்கும் இடத்தில், அப்படி அளந்து சுடவிடுவதைவிட அடியோடு தடுப்பதே மேல் என்று சட்டம் முடிவு செய்திருக்கிறது.

சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து

பறவைக்காக மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். வாங்கிச் சாப்பிடும் குடும்பத்துக்கும் இதில் ஆபத்து இருக்கிறது.

நெல்லில் பூச்சி மருந்தைக் கலந்து வைத்துப் பறவைகளைப் பிடிக்கும் கொடிய வழக்கம் நாட்டின் பல இடங்களில் உண்டு. மருந்தைத் தின்று மயங்கி விழும் பறவையை எடுத்து அறுத்து விற்கிறார்கள். கறியைப் பார்த்து மருந்து இருக்கிறதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. குழம்பு கொதித்தால் விஷம் போய்விடும் என்று நம்புவதும் தவறு.

சுட்ட பறவை என்றால் ஈயக் குண்டு உடலில் தங்கியிருக்கும். ஈயம் மெல்லக் கொல்லும் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுட்டது போக ஏரியில் விழுந்த குண்டுகளையும் வாத்துகள் விட்டுவைப்பதில்லை. இரையை வயிற்றில் அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவது வாத்தின் பழக்கம். கல் என்று நினைத்துக் குண்டை விழுங்கிவிட்டுத் துப்பாக்கியில் தப்பிய பறவையும் பிறகு சாகிறது.

மூன்றாவது ஆபத்து, பறவைக் காய்ச்சல். காட்டு வாத்துகள் நோய் வெளியே தெரியாமலே கிருமியைச் சுமக்கக்கூடும். 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்துப் பண்ணை வாத்துகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்து, ஆயிரக்கணக்கில் அழிக்க வேண்டியதாயிற்று. எங்கே, எப்படிச் செத்தது என்று தெரியாத காட்டுப் பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையால் இறகு பிடுங்கி, அடுப்பங்கரையில் நறுக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

வலை விரிப்பவர் யார்?

இங்கே ஒரு நியாயத்தையும் பேச வேண்டும். வலையோடு பிடிபடுகிறவர் பெரும்பாலும் ஏழை. வேலை இல்லாத நாளில் நாலு காசு பார்க்க வந்தவர். வழக்கு, கோர்ட்டு, அபராதம் எல்லாம் அவர் தலையில் விழுகிறது. காரில் வந்து வாங்கிப் போனவர் வீட்டில் ஏப்பம் விடுகிறார்.

நரிக்குறவர் சமூகத்தின் கதையையும் மறக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். சட்டம் வேட்டையை நிறுத்தியது. அதற்கு ஈடாக வேறு தொழில், நிலம், படிப்பு எல்லாம் உடனே வந்துவிடவில்லை. ஊசி மணி, பாசி மணி விற்றுப் பிழைத்தார்கள். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பல காலம் கேட்டார்கள். பார்லிமெண்டில் 2022 டிசம்பரில் மசோதா நிறைவேறி, 2023-ல்தான் அது சட்டமாயிற்று. வேட்டையை நிறுத்தச் சொல்வது சரி. நிறுத்தியவரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் கிடைக்கச் செய்வது அதைவிடப் பெரிய கடமை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்தால் சட்டம் பாதி வேலைதான் செய்கிறது.

வலையைப் பிடுங்கினால் வேறு வலை வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால்தான் வலைக்கு வேலை இல்லாமல் போகும். ஆகவே இந்த விஷயத்தின் சாவி ஏரிக்கரையில் இல்லை. நம் வீட்டுச் சமையல் அறையில் இருக்கிறது.

விவசாயியின் கஷ்டம்

விவசாயிகள் ஒரு புகார் சொல்வார்கள். "ராத்திரியில் கூட்டமாக வந்து, விதைத்த நெல்லைத் தின்றுவிட்டுப் போகிறதே, அதற்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. சிறகி நெல்லும் தின்னும் என்பது உண்மை.

பயிரைக் காக்கத் துப்பாக்கி அவசியம் இல்லை. விதைத்த முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம். அந்த நாட்களில் வயலுக்குக் குறுக்கே மினுமினுக்கும் நாடா கட்டலாம். இரவில் தகரம் தட்டலாம். ஊர் கூடி முறைக் காவல் போடலாம். நஷ்டம் மிக அதிகமானால் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பயிருக்குச் சேதம் வரும்போது என்ன செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது.

பறவையால் வரும் லாபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறகி நத்தையும் புழுவும் தின்னும். நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தேடித் தின்கிறது. ஏர் பின்னாலும் டிராக்டர் பின்னாலும் நடக்கும் கொக்கு பூச்சிகளைப் பொறுக்குகிறது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரத்தோடு பாய்கிறது.

இதை நம் முன்னோர் தெரிந்து வைத்திருந்தார்கள். செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் கிராமம் இருக்கிறது. கும்பினி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடமிருந்து, இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று கௌல் வாங்கினார்கள். அந்த ஊரார் பட்டம் படித்தவர்கள் அல்லர். பறவை இருந்தால் வயல் விளையும் என்று அறிந்த விவசாயிகள். சிவகங்கை ஜில்லாவில் கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் ஏரிப் பறவைகள் பயப்படக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். சட்டம் போடாத கட்டுப்பாடு அது.

வாத்துக் கறிதான் வேண்டும் என்றால்

வாத்துக் கறி சாப்பிட ஆசைப்படுவது குற்றம் இல்லை. அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வளர்ப்பு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்று வாத்துகள் கொழுக்கின்றன. இரவில் பட்டி போட்ட வயலுக்கு எரு கிடைக்கிறது. முட்டையும் வாத்தும் விற்று அந்தக் குடும்பம் பிழைக்கிறது.

வளர்ப்பு வாத்து ஒன்று, மூன்று சிறகிக்குச் சமமான எடை இருக்கும். விலை கொடுத்து வாங்கலாம், ஒளிக்க வேண்டியதில்லை, போலீஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாம் கொடுக்கும் பணம் உழைக்கிறவர் கைக்கே போகிறது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

வேட்டைக்காரனுக்கு வேண்டிய பொறுமை, கூர்மையான கண், ஓசை இல்லாத நடை ஆகியவற்றைப் பழக ஆசைப்படும் இளைஞர்கள் தாராளமாகப் பழகலாம். துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி போதும். அதுவும் இல்லாவிட்டால் வெறும் கண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. விடிவதற்கு அரை மணி முன்பே கரைக்குப் போய்விட வேண்டும். பளிச்சென்ற வர்ணச் சட்டை வேண்டாம். மண் நிறம், இலை நிறம் நல்லது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கல் எறிந்து பறக்கவிட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

முதல் நாள் நாலே பறவையை அடையாளம் கண்டால் போதும். செம்பழுப்பு உடலும் சீழ்க்கைச் சத்தமும் என்றால் சிறகி. கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள் இருந்தால் புள்ளிமூக்கு வாத்து. வால் ஊசிபோல் நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. அலகு கரண்டிபோல் அகன்றிருந்தால் தட்டைவாயன். பிறகு எண்ணிப் பழக வேண்டும். பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை பத்து என்று கணக்கிடலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டிலும் வனத்துறை பறவைகளை எண்ணும்போது மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் கூடப் போகிறார்கள். எந்த ஏரி தூர்ந்துபோகிறது, எங்கே பறவை குறைகிறது என்பது இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தெரியவருகிறது. வலையோ, செத்துக் கிடக்கும் பறவைகளோ கண்ணில் பட்டால் கையால் தொடாமல் வனச்சரகர் அலுவலகத்துக்கோ, போலீஸ் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். வலை வைத்தவரோடு சண்டைக்குப் போவது நம் வேலை இல்லை.

கோணிப்பைக்கு என்ன பதில்?

இனி பஸ்ஸுக்குக் காத்திருந்த குடும்பத்திடம் திரும்புவோம். அந்த அப்பா என்ன செய்யலாம்?

காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிட்டால் புண்ணியம் என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் சரி இல்லை. அந்தக் காசு அடுத்த கோணிப்பைக்கு முன்பணம் ஆகிவிடும்.

"வேண்டாம் தம்பி. இதை வாங்கினா எனக்கும் கேஸு, உனக்கும் கேஸு. அவுத்து விட்டுடு. வேற ஏதாவது வித்தா சொல்லு, வாங்கிக்கறேன்" என்று அவர் சொல்லலாம். பக்கத்தில் நிற்கும் மற்றவர்களும் அதையே சொன்னால் அந்தச் சைக்கிள் மறுநாள் அந்த வழியாக வராது.

சிறு பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்ப்பாள். நல்ல வெளிச்சம் வந்துவிட்டிருக்கும். தண்ணீரில் நூற்றுக்கணக்கில் சிறகிகள் மிதந்துகொண்டிருக்கும். அவள் அவற்றை எண்ணத் தொடங்குவாள். பஸ் வருவதற்குள் எண்ணி முடிக்க முடியாது. அப்படியே இருக்கட்டும்!